சரோஜா சம்பந்தி நின்ற தேர்தல்

களத்தில் மஞ்சளைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தேன். கனடாவிலிருந்து மகள் கூப்பிட்டாள். “அம்மா, அத்தை போயிட்டாங்கம்மா” என்றாள். அத்தை என்றால் அவளுடைய மாமியார், எங்கள் சம்பந்தி சரோஜா. எருமப்பட்டியில் பிறந்து, கனடாவில் ஒரு கட்சிக்குப் பல காலம் உழைத்து, கடைசியில் தேர்தலிலும் நின்றவர். அவரை அறிந்த ஊர்க்காரர்கள் உங்களிடம் சொன்னால்தான் எனக்கு ஆறும்.

நம் ஊரில் கட்சி வேலை என்றால் மேடையும் மைக்கும். அவர் பார்த்தது கதவைத் தட்டுகிற வேலை. தேர்தலில் யாரோ நிற்பார்கள். அவர்களுக்காக இவர் பனியில் தெருத்தெருவாக நடப்பார். “போட்டுடலாம்னு சிரிக்கறவங்களை நம்பக்கூடாதுங்க சம்பந்தி. எங்க போயி போடோணும்னு கேக்கறவங்கதான் நம்ம ஓட்டு” என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். ஜெயித்தவர்கள் பதவிக்குப் போனார்கள். இவர் அடுத்த தேர்தலுக்குக் கதவைத் தட்டப் போனார்.

ஒருவழியாகக் கட்சி அவரையே நிற்கச் சொன்னபோது, பேத்தியைப் பார்க்கப் போன நானும் அங்கே இருந்தேன். “வயசாயிருச்சுங்க. இதை உட்டா எனக்கு அடுத்தது இல்லீங்க” என்றார். பேத்தி தன் அப்பத்தாவோடு வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டாள். அவள் இங்கிலீஷில் மடமடவென்று பேசுவதைப் பார்த்து, ஐந்தாவதோடு நின்ற எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

ஓட்டுப்போடும் நாளன்று, வண்டி கிடைக்காமல் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் வாசலில் நின்றார். உனக்குப் போடமாட்டேன் என்று முன்பே முகத்துக்கு நேராகச் சொன்னவர். சம்பந்தி காரை நிறுத்தி அவரை ஏற்றிக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

“ஏனுங்க, உங்களைத் தோக்கடிக்கப் போறவருக்கு நீங்களே டிரைவருங்களா?”

“நெசத்தைச் சொன்ன மனுசனை ஊட்லயே உக்கார வெக்கறதுங்களா?” என்று சிரித்தார்.

தோற்றுப்போனார். கொஞ்ச ஓட்டில்தான். மறுநாள் காலை எல்லோருக்கும் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, “வாங்க, போலாம்” என்று கிளம்பிவிட்டார். அங்கே ஆதரிக்கிறவர்களைக் கேட்டு, அவர்கள் வாசல் புல்லில் வேட்பாளர் பெயர் எழுதிய பலகையைக் குத்தி வைப்பார்கள். அதையெல்லாம் எடுக்க வேண்டும்.

“தோத்த பலகையை நாமளே போயிப் புடுங்கோணுமாக்கும்? மழையில தானா உழுந்துட்டுப் போவுது” என்றேன்.

“கேட்டு வெச்சதுங்க சம்பந்தி. சொல்லிட்டு எடுக்கோணும்.”

ஒவ்வொரு வீட்டிலும் கதவைத் தட்டி, நன்றி சொல்லி, பலகையைப் பிடுங்கி, குழியைக் காலால் மிதித்து மூடினார். ஒரு வீட்டிலும் குரல் கம்மவில்லை. பேத்திதான் காருக்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கடைசியில் அவர் வீட்டு வாசலில் இருந்த பலகை. அதன் முன்னால் போய் நின்றார். கையை நீட்டினார், எடுக்கவில்லை. என் பக்கம் திரும்பாமலே, “அக்கா, இதை மட்டும் நீங்க எடுத்துருங்க” என்றார்.

கல்யாணம் பேசிய நாளிலிருந்து சம்பந்தி என்றுதான் கூப்பிட்டவர். நான் எடுத்தேன். அவர் உள்ளே போய் முகம் கழுவி வரும்வரை அதை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன்.

எத்தனையோ பேரின் ஜெயிப்பில் அவருக்குப் பங்கு உண்டு. அவருடைய தோல்வியில் ஒரு பங்கை எனக்குக் கொடுத்தார். அந்த ‘அக்கா’ என்னோடு இருக்கும்.