வேலாயி துரையாக இருந்த பத்து நாள்

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் வேலாயிக்கு 1962ஆம் வருஷம் தலைகால் புரியவில்லை. தம்பி முத்துலிங்கம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. தேறிவிட்டான்! தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருந்த லயமே கூடிக் கொண்டாடியது. பட்டம் வாங்கிய பிறகு என்ன செய்வது என்று மட்டும் ஒரு ஜீவனும் யோசிக்கவில்லை, பட்டம் வாங்கியவன் உட்பட.

இந்தியாவிலிருந்து வந்த தோட்டத்துத் தமிழர் பலரையும்போல் அவனுக்கும் இலங்கைப் பிரஜாவுரிமை இல்லை; அது இல்லாதவனுக்கு அரசாங்க வேலை கிடையாது. கம்பெனி வேலைதான் கதி. அதுவும் தட்டிப்போனால் பி.ஏ. படித்தவன் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு மலையேற வேண்டியதுதான்.

ஹட்டனில் ஒரு தேயிலைக் கம்பெனியின் நேர்முகத் தேர்வுக்குப் போனவன் மத்தியானமே திரும்பிவிட்டான்.

"கேள்வி கஷ்டமாடா?"

"கேள்வியே கேக்கலக்கா. 'உக்காரு'ன்னாரு கம்பெனி தொரை. நான் நின்னேன். மூணு தடவ சொன்னாரு. காலு மடங்கல. 'என் முன்னாடியே உக்காராதவன் தோட்டம் தோட்டமாப் போயி தொரைமாருக்கிட்ட எப்படி வெல பேசுவே'ன்னு அனுப்பிட்டாரு."

வேலாயி முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள், கடைசியில் கோபம் வந்தது. யாரைக் குற்றம் சொல்வது? தோட்டத்தை நடத்தும் துரைக்கு முன்னால் உட்கார்ந்தவர் அந்த லயத்தில் தலைமுறை தலைமுறையாக ஒருவரும் இல்லை. பேராதனையிலும் அதற்கு ஒரு பாடம் வைக்கவில்லை.

நல்லவேளை, நுவரெலியாவில் இன்னொரு கம்பெனி கூப்பிட்டிருந்தது. பத்து நாள்தான் அவகாசம். வேலாயி கங்காணி வீட்டில் ஒரு நாற்காலியை இரவல் கேட்டுத் தூக்கி வந்தாள். தினமும் மலையில் பார்க்கிற துரைதானே! கையில் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு, தொண்டையைக் கனைத்து, லயத்து வீட்டின் ஒற்றை அறையான அந்தச் சின்னக் காம்பராவுக்குள் பூட்ஸ் போட்டவர் நடையை நடந்து காட்டினாள். அவள் "ம்ம்?" என்று திரும்பினாலே முத்துலிங்கம் துள்ளி எழுந்துவிடுவான்.

"உக்காருடா! நான் உன் அக்காடா!"

"எனக்குத் தெரியுதுக்கா, காலுக்குத் தெரியலயே!"

ஐந்தாம் நாள் உட்கார்ந்தான். அதோடு விட்டாளா?

"இப்ப நான் தப்பாச் சொல்றேன், நீ இல்லைன்னு சொல்லு. மழையில பறிச்ச கொழுந்துதான் ஒசத்தி!"

முதலில் முனகினான். ஒன்பதாம் நாள் தொடையைத் தட்டி, "இல்லைங்க சார். ஈரக் கொழுந்து சரியா வாடாது, தேத்தண்ணி சப்புன்னு போயிரும்" என்றான். வேலாயிக்கு அங்கேயே கும்மியடிக்க வேண்டும்போல் இருந்தது.

தேர்வன்று கொழுந்து மலையில் அவளுக்கு வேலையே ஓடவில்லை. பின்னேரம் முத்துலிங்கம் அடிவாரத்திலிருந்தே கத்திக்கொண்டு ஓடிவந்தான்.

"அக்கா! உக்காந்தேன்! ரெண்டு தடவ 'இல்லைங்க'ன்னேன்! திங்கக்கெழம வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க!"

வேலாயி போட்ட கூச்சலில் மலையே திரும்பிப் பார்த்தது. கங்காணி அதட்டுவதற்குள் மேல்பாதையில் துரையே வந்து நின்றுவிட்டார். "என்ன சத்தம்?" என்றார். பெண்கள் எல்லோரும் தலையில் போட்டிருந்த கொங்காணித் துணியை இழுத்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள்.

"என் தம்பிக்குக் கம்பெனியில வேல கெடச்சிருக்குங்க தொரை!" என்றாள் வேலாயி, அவர் கண்ணை நேராகப் பார்த்து.

துரை கொஞ்சம் திகைத்தார். "நல்லது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பக்கத்தில் பறித்துக்கொண்டிருந்த பேச்சியம்மா அவள் கையைக் கிள்ளினாள்.

"ஏண்டி, தலையக்கூடக் குனியல! பயமா இல்லியா ஒனக்கு?"

அப்போதுதான் வேலாயிக்கே அது உறைத்தது.

"பத்து நாளா நானே தொரையா இருந்தேன். அந்தாளுக்கிட்ட எனக்கென்னடி பயம்?"