திரும்பிப் பாராத பயிற்சி

டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் ரயில் நிலையத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன ஒரு மனிதரின் முதுகைப் பார்த்து, என்னோடு நின்றவர் "நேசன்!" என்று கூப்பிட்டார். மேடையில் சத்தம் இல்லை, கட்டாயம் கேட்டிருக்கும். அந்த மனிதரின் நடை குறையவும் இல்லை, கூடவும் இல்லை. சைக்கிளை லிப்டுக்குள் ஏற்றி, கதவு மூடும்வரை சுவரைப் பார்த்தபடி நின்றார்.

"அவன்தான்," என்றார் என்னோடு நின்றவர். "வேற ஆளெண்டா என்ன சத்தமெண்டு திரும்பியிருப்பான்."

கூப்பிட்டவர் ஹொல்ஸ்டெப்ரோ நகரில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்தவர். இளம் வயதில் ஊரில் ஒரு சிறிய இயக்கத்தில் இருந்தார். காலில் காயம்பட்டுக் கிடந்த அவரை நேசன் என்ற தோழன் தோளில் சுமந்து வாய்க்காலைக் கடந்திருக்கிறான். நேசன் என்பது இயக்கப் பெயர். வீட்டுப் பெயரும் ஊரும் அவருக்குத் தெரியாது; அங்கே அதைக் கேட்பது குற்றம். இப்போது சிறுநீரகங்கள் பழுதாகிவிட்டன. கண்மூடுவதற்குள் ஒருமுறை அவனைக் கண்டு கதைத்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. நான் ஊரில் பத்திரிகைச் செய்தியாளனாக இருந்தவன். இங்கே நான் வேலை செய்த பொருட்கிடங்கில், அந்த இயக்கத்தின் பொறுப்பாளர் ஒருவர் போர்க்லிப்ட் ஓட்டினார். அதனால்தான் ஹொல்ஸ்டெப்ரோக்காரர் என்னிடம் வந்தார்.

இயக்கம் ஆயுதங்களை ஒப்படைத்துக் கலைந்தபோது, பெடியளை, அந்த இளம் போராளிகளை, வீட்டுக்கு அனுப்பும் வேலை அந்தப் பொறுப்பாளரிடம் விடப்பட்டது. இடைவேளைகளில் அதைப் பலகைத் தட்டுகளை அடுக்கும் ஒழுங்கைப் போலத்தான் சொல்வார். துவக்குப் பட்டி தோளில் பதித்த தழும்பு மங்க வேண்டும், தலைமயிர் வளர வேண்டும், சாரமும் சேட்டும் கொடுக்க வேண்டும். முதல் தொகுதிக்கு ஒரே கட்டுத் துணியில் சேட்டுத் தைப்பித்துவிட்டார். ஒரே பஸ்ஸில் எல்லோருக்கும் ஒரே கோடு. சோதனைச் சாவடியில் அவ்வளவு பேரையும் இறக்கினார்கள். அவர்களைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. இந்தப் பகுதியை அவர் ஒரு தரம்தான் சொன்னார். சொல்லும்போது கையுறையைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார்.

பிறகு போனவர்களுக்குப் பழைய சேட்டுகள், வெவ்வேறு வழிகள். அதோடு ஒரு பயிற்சி. ஒவ்வொருவரையும் தனிக் கொட்டிலில் வைத்து வீட்டுப் பெயரால் கூப்பிட்டுப் பழக்குவார். பழகிவிட்டான் என்று தெரிந்ததும், பின்னால் வந்து நின்று திடீரென்று இயக்கப் பெயரைச் சொல்வார். திரும்பினால் பயணம் தள்ளிப்போகும். நேசன் திரும்பவில்லை, போய்விட்டான். ஹொல்ஸ்டெப்ரோக்காரர் திரும்பிக்கொண்டே இருந்தார்.

நிலையத்தில் நடந்ததற்குப் பிறகு, அவரைப் பொறுப்பாளரின் வீட்டுக்கு அழைத்துப் போனேன்.

"அண்ணை, என்னைத் தெரியுதா?"

"தெரியாமலோ? கூப்பிட்டா மாடு மாதிரித் திரும்புவீர். உம்மை அனுப்பிறதுக்குள்ள எனக்குத் தலை நரைச்சுப்போச்சு."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"ஸ்டேசன்ல நான் கண்டது அவன்தானே, அண்ணை?"

சிரிப்பு நின்றது. "ஆராயிருந்தாலும் அவனுக்கு ஒரு குடும்பம் இருக்கும். அதுகளுக்கு என்ன தெரியுமோ, என்ன தெரியாதோ."

"நான் ஒண்டையும் கெடுக்க வரேல்லை. நன்றி எண்டு ஒரு சொல்லு, அவ்வளவுதான். நீங்கள் வாய் திறக்க வேண்டாம். தலையை மட்டும் ஆட்டுங்கோ."

அவர் யோசித்துக் கேட்டதல்ல. எங்கள் ஊரில் முகத்தைச் சாக்கால் மூடிக்கொண்டு, வரிசையில் நடத்தப்படுகிறவர்களைப் பார்த்துத் தலையசைத்துக் காட்டிக்கொடுத்தவனுக்குத் தலையாட்டி என்று பெயர். அவன் தலை அசைந்தால் ஒருவன் வீடு போகமாட்டான். சொன்ன பிறகுதான் அது அவருக்கும் உறைத்தது.

பொறுப்பாளரின் கழுத்து இறுகியது. இங்கேயே பிறந்த மகள் அறையை எட்டிப் பார்த்து, கோப்பி வேணுமா என்று டேனிஷில் கேட்டாள். "யா" என்று வாயால் சொன்னார், தலை அசையவில்லை. கோப்பி வந்தபோதும் குனியவில்லை. கோப்பையைத்தான் வாய்வரைக்கும் உயர்த்தினார். ஹொல்ஸ்டெப்ரோக்காரர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"காணும் அண்ணை," என்றார் கடைசியில். "விடுங்கோ."

போராளிகள் வீடு திரும்பினர் என்று அந்த நாட்களில் நானும் செய்தி எழுதினேன். இன்று அதே செய்தியை எழுதச் சொன்னால் எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. பொறுப்பாளர் அன்று காப்பாற்றியது சைக்கிள்காரரையா, அந்தக் கோடு போட்ட சேட்டுக்காரர்களையா, தன்னைத்தானா? அவருக்கு அந்த மனிதரைத் தெரியுமா என்பதுகூட எனக்குத் தெரியாது. தெரியாது என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அதையும் அவர் சொல்லவில்லை.

ஹொல்ஸ்டெப்ரோக்காரர் இனி ரயிலேறி வர முடியாது. ஒருநாள் விட்டு ஒருநாள் அவருக்கு ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கிறார்கள். போன கிழமை தொலைபேசியில் கதைத்தார். நேசனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அண்ணையின்ர கழுத்து இப்ப எப்பிடி?" என்றுதான் கேட்டார்.