சரோன் குடித்த அரைக் கப் தேத்தண்ணி

மெட்டில்டாவுக்குப் பதினெட்டு வயதிலிருந்தே கையில் கத்தி. எஹலியகொடைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் விடியும்போதே போய், நாளைக்கு முந்நூறு மரத்தில் பால் வெட்டுகிறவள். அட்டைக்கோ பாம்புக்கோ கங்காணிக்கோ பயந்தவள் இல்லை. அப்படிப்பட்டவள் ஆஸ்பத்திரியில், பிள்ளைகள் வார்டில், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடுங்கினாள்.

மகள் சரோனுக்கு ஐந்து வயது. குடலிறக்கத்துக்கு ஒப்பரேஷன். எட்டு மாதம் காத்திருந்து கிடைத்த திகதி. புருஷன் ஜெறோம் கொழும்பில் ஹோட்டலில் வேலை செய்கிறான், லீவு கிடைக்கவில்லை. ஆக, பயப்படுகிற வேலையும் இவள் தலையில்தான் விழுந்தது.

விடிந்தால் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று முந்தின நாளே தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். இவளும் தலையை ஆட்டியவள்தான். ஆனால் காலை ஐந்தரைக்குப் பிள்ளை வாய் உலர்ந்து சிணுங்கியது. தோட்டத்தில் வெறும் வயிற்றோடு யாரும் வாசல்படி தாண்டுவதில்லை. தேத்தண்ணியை அங்கே யாரும் ஒரு ஆகாரமாகக் கணக்கில் எடுப்பதுமில்லை. காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைக்கும் முதலில் அதுதான். கென்டீனில் வாங்கிய பால் தேத்தண்ணியில் அரைக் கப்பைப் போர்வை மறைவில் வைத்துக் குடிக்கக் கொடுத்தாள்.

"யாருகிட்டயும் சொல்லாத, சரியா? சொன்னா ஒப்பரேஷன் இல்லேன்னு வீட்டுக்கு அனுப்பிருவாங்க."

ஏழு மணிக்கு நர்ஸ் மஹ்மூதா வந்து கேட்டார். "ஒன்னும் குடுக்கல மிஸ்" என்ற பொய் வழுக்கிக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகுதான் மெட்டில்டா கட்டில் கம்பியைப் பிடித்தாள்.

மஹ்மூதா மாவனல்லைப் பெண். மயக்க மருந்து கொடுக்கும் முகமூடியைக் கண்டு நேற்று சரோன் வார்டே அதிரக் கத்தியதை அவர் மறக்கவில்லை. பழைய சொக்ஸில் பஞ்சு திணித்துச் செய்த பொம்மை ஒன்றோடும் அந்த முகமூடியோடும் பிளாஸ்டரோடும் வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"மகள், இவ டிங்கிரி. இவக்கும் இண்டைக்கி ஒப்பரேஷன். சரியான பயத்துல இரிக்கா. நீங்கதான் டொக்டர்."

சரோன் முதலில் முறைத்தாள். பிறகு முகமூடியை வாங்கிப் பொம்மையின் முகத்தில் வைத்தாள். "நல்லா மூச்சு இழுங்க, அழக் கூடாது" என்று அதட்டினாள். வயிற்றில் பிளாஸ்டர் ஒட்டினாள். கடைசியில் தன் முகத்திலேயே முகமூடியை வைத்துக்கொண்டு கெக்கலித்துச் சிரித்தாள். நேற்றுக் கத்திய பிள்ளையா இது என்று மெட்டில்டாவுக்கு ஒரு நிமிடம் நடுக்கமே நின்றுபோனது.

"டொக்டர், டிங்கிரி காலைல ஒண்டும் குடிக்கல்லதானே?" விளையாட்டோடு விளையாட்டாக மஹ்மூதா கேட்டார். "குடிச்சிருந்தா தூங்கக்குள்ள அது மேல வந்து நெஞ்சுக்குள்ள போயிரும். பொறகு மூச்சு எடுக்க ஏலாது."

சரோனின் சிரிப்பு அடங்கியது. அம்மாவைப் பார்த்தாள். முகமூடியை மெல்ல எடுத்துப் போர்வைக்கு அடியில் ஒளித்தாள். பிறகு உதட்டை இறுக மூடிக்கொண்டாள்.

மெட்டில்டா அந்த உதட்டையே பார்த்தாள். மாதாவே, இந்தப் பிள்ளை வாயைத் திறக்கப் போவதில்லை. பெற்றவள் சொல்லாதே என்றதற்காக அப்படியே போய் ஒப்பரேஷன் தியேட்டரில் படுத்துக்கொள்ளும். எட்டு மாதம் போனால் போகட்டும், இன்னும் எட்டு வருஷம்கூடப் போகட்டும்.

"மிஸ், நான்தான் குடுத்தேன். பால் தேத்தண்ணி. அஞ்சரைக்கு. என்னைய ஏசுங்க, அடிங்க. புள்ளய மட்டும் இப்ப கொண்டுபோயிராதீங்க மிஸ்."

மஹ்மூதா ஏசவில்லை. முகம் வெளிறிப்போய் எழுந்து, தியேட்டருக்குப் போன் பண்ண ஓடினார். "நாளைக்கிப் பாப்போம்" என்று அவர் சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

மெட்டில்டா மகளை வாரி அணைத்துக்கொண்டாள். சரோன் அவள் தோளில் முகத்தைப் புதைத்து விம்மினாள்.

"நான் யாருகிட்டயும் சொல்லலம்மா. நீங்கதான் சொல்லிட்டீங்க."