சத்தம் போடாத கூலர்

போன வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு எங்கள் வீட்டில் ஒரு வேலை போய்விட்டது. என் வேலை அல்ல, என் மனைவி சுந்தரியின் வேலை. போக வைத்தவன் நான்.

சென்னையில் ஒரு கம்பெனி பள்ளிப் பாடங்களைக் குரலில் பதிவு செய்து விற்கிறது. வாசிக்க ஆள் தேடினார்கள். சுந்தரியின் குரல் அவர்களுக்குப் பிடித்துப்போனது. கல்யாணத்துக்குப் பிறகு அவளுக்கென்று வந்த முதல் வேலை... அடுப்படியில்கூடப் பாடம் வாசித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒரு மெயில்.

"என்னங்க, திருப்பி அனுப்பிச்சுட்டாக. பின்னாடி என்னமோ இரையுதாம்."

என்ன இரையும்? எங்கள் பழைய கம்ப்யூட்டர்தான். ஃபேனை நிறுத்தி, ஜன்னலை அடைத்து, புதுவயல் அரிசி மில்லுக்குப் போகும் லாரி தாண்டும்வரை காத்திருந்துதான் அவள் பதிவு செய்வாள். இந்தக் காரைக்குடி வெயிலில் அந்த அறையில் மனுஷியே வெந்துபோவாள், ப்ராசஸர் என்ன செய்யும்? அதன் சூட்டைத் தணிக்க அதன் தலையில் இருக்கும் குட்டிக் கூலர் ஃபேன் உயிரைக் கொடுத்துச் சுழன்று இரைந்தது. போனில் பதிவு செய்யக் கூடாதா என்று கேட்காதீர்கள். அவர்கள் கொடுத்த சாஃப்ட்வேர் கம்ப்யூட்டரில்தான் ஓடும். வெள்ளி ஐந்து மணிக்குள் இரைச்சல் இல்லாமல் முழுப் பாடமும் வர வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

"நான் பாத்துக்கறேன்" என்றேன். இதை நான் சொல்லும்போதெல்லாம் சுந்தரியின் முகத்தில் ஒரு கலவரம் வரும். அன்றும் வந்தது.

புதுக் கூலர் வாங்க, உட்கார்ந்து ரெவ்யூவாகப் பார்த்தேன். கம்ப்யூட்டர் கேபினட்டுக்குள் எவ்வளவு உயரம் கொள்ளும் என்று ஸ்கேல் வைத்து அளந்தேன். கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன்.

"பெரிய ஃபேன் வச்ச கூலரா எடுங்க சார்" என்றார் கடைக்காரர். " மெதுவாச் சுத்தும், சத்தமே வராது. ஆளை அனுப்பவா, நீங்களே மாட்டிக்கிறீகளா?"

நானே என்றேன். ஒரு ஃபேன் மாட்டுவதற்கு ஆளா?

வீட்டுக்கு வந்து பழைய கூலரைக் கழற்றினேன். சூட்டைக் கூலருக்குக் கடத்தத் தடவியிருந்த, காய்ந்துபோன பேஸ்ட்டைத் துடைத்து, ப்ராசஸர் மேல் புதுப் பேஸ்ட் வைத்தேன். புதுக் கூலரின் அடியில் பளபளவென்று ஒரு செம்புத் தகடு. அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள்.

உங்கள் வீட்டு டிவி ரிமோட்டைக் கொஞ்சம் பாருங்கள். கவரோடுதானே இருக்கிறது? எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் கம்பெனித் தாள் இன்னும் அப்படியே ஒட்டியிருக்கிறது. சோபாவில் உட்கார்ந்து எழுந்தால் பிளாஸ்டிக் உறையும் கூடவே வரும். பிரித்தால் பொருள் பாழாகிவிடுமாம். எனக்கும் அதே புத்தி. நல்லவேளை, தகட்டில் கீறல் விழாது என்று தாளோடு வைத்து இறுக்கிவிட்டேன்.

ப்ராசஸர் சூடு அந்தத் தகட்டில் ஏறினால்தான் கூலருக்கே வேலை. நடுவில் தாள் இருந்தால்? அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வெள்ளி மதியம். சுந்தரி தண்ணீர் குடித்துவிட்டு மைக் முன் உட்கார்ந்தாள். முதல் இரண்டு பக்கம் அருமையாகப் போனது. பிறகு புதுக் கூலர் ஃபேன் மெல்ல முனகி... ஊளையிட ஆரம்பித்தது. அடுத்து கம்ப்யூட்டரே அணைந்துவிட்டது. வாசித்தது அத்தனையும் போச்சு.

"வெயிலு. கொஞ்சம் ஆறட்டும்" என்றேன்.

ஆறவிட்டு மறுபடி தொடங்கினாள். மறுபடி அணைந்தது. வோல்டேஜ் சரியில்லை என்றேன். அதன்பிறகும் அதே கதை. அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து வாசித்தாள். குரல் கம்மிப்போயிருந்தது. மணி ஐந்தானது.

அவர்கள் மரியாதையாகத்தான் பதில் போட்டார்கள். இன்னொரு சமயம் அழைப்பார்களாம்.

மறுநாள் காலை கூலரைக் கழற்றினேன். தகட்டோடு ஒட்டிக்கொண்டு, பேஸ்ட் அப்பிய அந்தத் தாள். சுந்தரி பக்கத்தில் நின்றாள்.

"அது என்னங்க?"

சொன்னேன். வேறு வழி?

"வெயிலுன்னு சொன்னீக" என்றாள். அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

தாளை உரித்து, சரியாக மாட்டினேன். திரும்பிப் பார்த்தால் அவள் ஃப்ரிட்ஜ் தாளைக் கிழித்துக்கொண்டிருந்தாள். அடுத்து ரிமோட் கவர், சோபா உறை. எல்லாவற்றையும் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கடைக்காரர் சொன்னது சரிதான். கம்ப்யூட்டர் இப்போது துளிச் சத்தம் போடுவதில்லை.

சுந்தரியும்தான்.