மஃரிப் இல்லாத நாட்டுப் பிள்ளைகள்

அகதி முகாமில் எங்களுக்கு அரிசி, பருப்பு, தார்ப்பாய் ஆகியவற்றோடு கதைப்புத்தகங்களும் தந்தார்கள். நோர்வே, சுவீடன் பக்கத்துப் பழைய சிறுவர் கதைகள், தமிழில். மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, கற்பிட்டியில் கரையிறங்கி, ஓலைக் கொட்டிலில் கிடந்த எங்களுக்கு, பொழுது போகாமல் வீட்டை விட்டுப் போகிற பிள்ளைகளின் கதையைத் தேர்ந்தெடுத்த புத்திசாலி யாரென்று தெரியாது. அல்லாஹ் அவருக்கு நல்லது செய்யட்டும். எட்டாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விடும்வரை அவற்றைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

நாட்டுச் சண்டை முடிந்து சில வருடங்களின் பின் ஊர் நூலகத்தில் அதே புத்தகங்களைக் கண்டேன். மகளுக்கு அப்போது ஒரே பிடிவாதம்: தன் வாப்பாவின் போட்டில் கடலோரக் களப்புக்குள் இருக்கும் மணல் திட்டுக்குப் போய் நீந்தப் பழக வேண்டும். நான் மறுத்தேன். வேண்டுமானால் போட்டில் போகிற கதை வாசித்துக் காட்டுகிறேன் என்று அதில் ஒரு புத்தகத்தை இரவல் எடுத்து வந்தேன். பசித்த பிள்ளைக்குப் புரியாணி வாசத்தைக் காட்டுகிற வேலை.

சின்ன வயதில் வாசித்தபோது அந்தக் கதைப் பிள்ளைகளோடு நானும் தோணியேறித் தீவுக்குப் போயிருந்தேன். இந்த முறை கரையை விட்டு நகர முடியவில்லை. நாலு பிள்ளைகள், ஒரு பழைய தோணி, பெரியவர் ஒருவரும் இல்லை. தாய்க்காரி பாண் கட்டிக் கொடுத்து, கையை ஆட்டிவிட்டு, கோப்பி குடிக்கப் போகிறாள். போனவள் மூன்று பக்கத்துக்குத் திரும்பியே பார்க்கவில்லை. எனக்கென்றால் மகள் கிணற்றடிக்குப் போனாலே பின்னால் ஓட வேண்டும். கதையில் எனக்குப் பிடித்த ஒரே ஆள், பிள்ளைகளைக் கண்டித்து எல்லோரிடமும் பேச்சு வாங்கும் பக்கத்து வீட்டுக்காரி.

ஆகவே வாசிக்கும்போதே திருத்தினேன். தோணியில் ஒரு வாப்பாவை ஏற்றினேன். பன்றியிறைச்சியைக் கோழியாக்கினேன். எங்கள் கரையில் பொழுது பட்டு, மஃரிப் தொழுகைக்குப் பிறகு வெளியே நிற்கும் பிள்ளையை ஷைத்தான் பிடிப்பான். அதனால் பள்ளியில் பாங்கு சொன்னதும் எல்லாப் பிள்ளைகளும் வீட்டுக்கு ஓடி வந்தார்கள் என்று முடித்தேன்.

மகள் எட்டிப் பார்த்தாள்.

"உம்மா, இதில மஃரிப் எங்க இரிக்கி?"

"இரிக்கி. நீ படத்தைப் பாரு."

"ராவாகியும் வெயில் அடிக்கிதெண்டு போட்டிரிக்கி. அங்க இருட்டே வாறல்லயாம்."

"அப்ப அந்தப் புள்ளையள் எப்பதான் வீட்ட வாற?"

"வரத் தேவல்ல. அதுதானே கதை!"

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த கணவர் சிரித்தார். "ஷைத்தானும் அங்க வேலையில்லாம சவூதிக்குப் போயிருப்பான். புள்ளய விடன். களப்பில இடுப்பளவு தண்ணி."

"யார்ட இடுப்பு? உங்கடயா, அவள்டயா?"

"அப்ப நீயும் வா. நீ ஏறிப் போட்டுத் தாழாட்டிச் சரி."

மகள் புத்தகத்தை மூடி என் மடியில் வைத்தாள். "நீங்க வாசிச்சிட்டு இரிங்க உம்மா. எனக்குக் கதை காணும், இனி வேணாம்."

அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். அழவில்லை. இந்த உம்மாவைத் திருத்த முடியாது என்று கைவிட்ட குரல் அது. அதுதான் சுட்டது.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து மூவரும் போட்டில் ஏறினோம். தெரிந்ததெல்லாம் ஓதினேன். திட்டருகே அவள் இறங்கினாள். நானும் உடுத்த உடுப்போடு இறங்கி, அவள் சட்டையைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"விடுங்க உம்மா."

"நீ நீந்து. நான் புடிச்சா என்ன?"

"புடிச்சா எப்பிடி நீந்துற?"

ஒரு கையை எடுத்தேன். மற்றக் கையின் விரல்களை அவளே ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.