சிகரெட்டை விட்ட முப்பதாம் நாள்

சிகரெட்டை விடுவது சுலபம், மனசு வைத்தால் போதும் என்று சொல்கிறவனைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். மனசு வைத்துத்தானே ஐயா விட்டேன். விட்ட பிறகு அந்த மனசு எங்கே சும்மா இருந்தது? முதல் இரண்டு நாள் வீராப்பில் ஓடிவிடும். அதற்கப்புறம் கைக்கு வேலை இருக்காது, வாய்க்கு ருசி இருக்காது, எதிரே வருகிறவன் யார் என்றுகூடப் பார்க்காமல் சள்ளென்று விழத் தோன்றும். ஒரு மாதம் நான் அப்படித்தான் திரிந்தேன்.

அப்போது எனக்கு மலேரியா வேலை. குடியிருப்பு கள்ளக்குறிச்சியில், வேலை கல்வராயன் மலையில். வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் யாருக்காவது உண்டா என்று கேட்க வேண்டும். இருந்தால் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் எடுத்துக்கொண்டு, வந்துபோன தேதியை அந்த வீட்டுச் சுவரில் எழுதிவிட்டுக் கிளம்ப வேண்டும். தேதி எழுதி முடித்ததும் ஒன்றைப் பற்றவைப்பேன். அடுத்த வீட்டுக்கு ஏறும்வரை அதுதான் துணை.

மகளுக்கு இரண்டு வயது. அவளுக்கு மூச்சிரைப்பு. "வீட்டில் யார் புகை பிடிக்கிறது?" என்று டாக்டர் கேட்டபோது மனைவி என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். அன்றைக்கே குழந்தை தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். செய்துவிட்டு வெளியே சிகரெட் குடித்தேன். வீட்டுக்குள் வருமுன் கொல்லைப்பக்கம் சுற்றிப் போய், கொய்யா மரத்தில் நாலு இலை பறித்து மென்று, கையிலும் கசக்கித் தேய்த்துக்கொண்டு, நல்ல பிள்ளையாக உள்ளே வருவேன். என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே பெருமை. மனைவி ஒரு நாளும் எதுவும் கேட்டதில்லை.

ஒரு விடியற்காலை குழந்தையின் நெஞ்சுக்குள் நாய்க்குட்டி முனகுவது மாதிரி சத்தம் கேட்டது. உதடு வெளுத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஓடி, ஊசி போட்டு, வீடு திரும்பியதும் மனைவி பையில் துணிகளை எடுத்து வைத்தாள்.

"நான் எங்கம்மா வூட்டுக்குப் போறேங்க. ஒரு மாசம் அதத் தொடாம இருந்துட்டு வாங்க, கொழந்தையத் தூக்கிக்கினு உங்ககூட வரேன். இல்லாட்டி நாங்க அங்கியே இருந்துக்கிறோம்."

அவள் சத்தம் போடவில்லை, அழவுமில்லை.  எலவனாசூர்கோட்டைக்குப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினால், வீடு வெறிச்சென்று கிடந்தது.

மலையில் அந்த மாதத்தை எப்படி ஓட்டினேன் என்றால், ஒத்திப்போட்டே ஓட்டினேன். வேண்டாம் என்று சொன்னால் மனசு கேட்காது. 'அடுத்த வீட்டில் தேதி எழுதிவிட்டுப் பார்க்கலாம்' என்றால் சரி என்று வாயை மூடும். அந்த வீடு வந்ததும் இன்னொரு வீட்டைக் காட்டுவேன். கிராம்பு மென்றேன், வேர்க்கடலை மென்றேன், சுவரில் எழுதும் சாக்கட்டியைக்கூட ஒரு தடவை கடித்தேன். காய்ச்சல்காரர்களிடம் சிடுசிடுத்தேன். "சாருக்கு வூட்ல எதுனா பிரச்சினைங்களா?" என்று ஒரு மலைக்காரர் கேட்டார். திரும்பிக்கொண்டு சுவரில் தேதியை எழுதினேன்.

முப்பதாம் நாள் வந்தது, மனைவியையும் குழந்தையையும் அழைத்துவரக் கிளம்பினேன். அந்த வருஷங்களில் இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. என்றைக்குச் சாலை திறந்திருக்கும், என்றைக்கு மூடும் என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்கு மறியல் உண்டு என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். போக வேண்டாம் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதும் கோபம்தான் வந்தது. இன்னும் ஒரு நாள் தள்ளினால் நான் பற்றவைத்துவிடுவேன் என்பது எனக்கல்லவா தெரியும்?

பஸ் தியாகதுருகம் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருக்கும். புளிய மரங்களை வெட்டிச் சாலைக்குக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். அந்தப் பக்கம் டயர் எரிந்துகொண்டிருந்தது. முன்னும் பின்னும் லாரிகள் நின்றுவிட, எங்கள் வண்டியும் நின்றது. இறங்கிய ஆண்கள் அத்தனை பேரும், சொல்லிவைத்த மாதிரி, பீடியை எடுத்தார்கள்.

கண்டக்டர் எனக்குப் பழக்கம். மலை வண்டியிலும் வருவார். சிகரெட்டை நீட்டினார்.

"வுட்டுட்டேங்க."

"அட, நானும் வுட்டுக்கினுதான் சார் இருக்கேன். தெனம் வுடறேன்."

சிரிக்கிற நிலைமையில் நான் இல்லை. மூன்று மணி நேரம் அந்தப் புகைக்குள் உட்கார்ந்திருந்தேன். எழுந்தேன், உட்கார்ந்தேன், லாரியைச் சுற்றினேன், மறுபடி அங்கேயே வந்தேன். அந்தக் கூட்டத்தை விட்டு விலகிப் போகவும் கால் வரவில்லை. மற்றவர்கள் விடும் புகையை மூக்கால் பொறுக்கிக்கொண்டிருந்தேன் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன்.

அப்போது ஒரு பாட்டியம்மாள் பஸ் படியில் இறங்கத் தடுமாறினாள். "கொஞ்சம் புடிங்க சார்" என்று எரிகிற சிகரெட்டை என் விரலில் சொருகிவிட்டுக் கண்டக்டர் ஓடினார்.

என் விரல்களுக்கு அதை எப்படிப் பிடிப்பது என்று மறக்கவே இல்லை. கை தானாக மேலே வந்தது. மோவாய்வரை வந்துவிட்டது. ஒரே ஒரு தரம், யாருக்குத் தெரியப் போகிறது? கொய்யா இலை எந்த ஊரில் இல்லை? அப்படித்தான் நினைத்தேன். இலை என்று நினைத்ததுமே, அதை மென்றுகொண்டு அவள் முன்னால் போய் நிற்கும் என் மூஞ்சி ஞாபகம் வந்தது. ஆத்திரமாக வந்தது, என்மேல்தான். சாம்பல் நீண்டு சட்டையில் விழுந்தது. திரும்பி வந்த கண்டக்டர், "ஒரு இழுப்பு கூட இழுக்கலியா?" என்று ஆச்சரியப்பட்டு வாங்கிக்கொண்டார். நான் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன்.

மறியல் செய்தவர்கள் தடுக்கவில்லை. "எங்க போறீங்க?" என்று ஒருவர் கேட்டார். "கொழந்தையப் பாக்க" என்றதும் கிளையை விலக்கி வழி விட்டார். சாலையோரப் புளிய மரங்களில் பெயின்ட்டால் எண் போட்டிருக்கும். அடுத்த எண் வரட்டும், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று மனசிடம் சொல்லிச் சொல்லி நடந்தேன். சில எண்கள் நின்றன, சில எண்கள் சாலையில் கிடந்தன. வழியில் பெட்டிக்கடை எல்லாம் மூடியிருந்தது. அந்த ஒரு விஷயத்துக்குப் போராட்டக்காரர்களுக்கு நான் கடமைப்பட்டவன்.

பொழுது சாயும் நேரத்தில் மாமியார் வீட்டு வாசலில் நின்றேன். மனைவி வந்தாள். மூன்றடி தூரத்திலேயே நின்றுவிட்டாள். அவள் மூக்கு சுருங்கியதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தலை, சட்டை, கை எல்லாம் புகை நாற்றம். விரலிடுக்கில் சிகரெட் நாற்றம். முப்பது நாள் கட்டிக்காத்துவிட்டு, குடிகாரன் சாராயக் கடையிலிருந்து வருவது மாதிரி வந்து நிற்கிறேன்.

என் கையைப் பிடித்து முகர்ந்தாள். வாயருகே வந்து முகர்ந்தாள். குடிக்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. சத்தியம் செய்துவிட்டு ஏமாற்றியதும் இதே வாய்தானே?  

"கொய்யா எல வாசனையே காணோமே" என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"குடிச்சிருந்தா மென்னுக்கினு வந்திருப்பீங்க. போயிக் குளிங்க மொதல்ல. இந்த நாத்தத்தோட கொழந்தையத் தொடாதீங்க. காலைல பஸ் ஓடுச்சின்னா கெளம்பிடலாம்."

கிணற்றடிக்குப் போய் முதல் வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டேன். உள்ளே மகள் எதற்கோ சிரிப்பது கேட்டது. இடையில் இரைப்பு இல்லாத சிரிப்பு. அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. அந்தச் சந்தோஷத்தில் எனக்கு முதலில் தோன்றியது, இப்போது ஒரு சிகரெட் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்பதுதான்.

அடுத்த வாளி முடியட்டும், பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டு கயிற்றை இறக்கினேன்.