அண்ணன் விழவில்லை

எங்கள் அண்ணன் கர்த்தரிடம் போய் ஒரு வருஷம் நிறைகிற இந்த நாளில், ஜெபத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கிற உங்கள் எல்லோருக்கும் தம்பி நான் எழுதுவது. எட்டாவதோடு நின்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிரஸ்ஸில் திருத்தக் கொடுத்த தாளை நாலு நாள் திருப்பித் தராமல் வைத்திருந்தேன். போதகர் என்ன நினைப்பார், பெரியவர்கள் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று பயம். "நீ குடுக்கலைன்னா நான் போய் குடுத்துடுவேன்" என்று அக்கா சொன்ன பிறகுதான் கொடுத்தேன்.

அண்ணன் பேரணாம்பட்டில் பிறந்தார். அப்பாவுக்குத் தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் அடுத்தடுத்துப் போனபோது அண்ணனுக்குப் பதினேழு வயது, அக்காவுக்குப் பத்து, எனக்கு ஏழு. எங்களை ஆம்பூருக்குக் கூட்டிவந்து, தோல் கம்பெனியில் மூட்டை தூக்கி, கடைசியில் தரம் பிரிக்கிற செலக்‌ஷன் டேபிளுக்கு வந்தார். தோல் மேல் உள்ளங்கையை ஒருமுறை ஓட்டுவார். முள் கீறியது, உண்ணி கடித்தது, எதுவும் அந்தக் கைக்குத் தப்பாது. பழுது இருக்கிற இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டுத் தள்ளிவிடுவார். எங்களுக்காகவே கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஒரு வேளைகூட எங்களைப் பட்டினி போட்டதில்லை.

அடித்தார். அதையும் எழுதவேண்டும். எருமைத்தோல் வார் ஒன்று கதவுக்குப் பின்னால் தொங்கும். குழம்பில் உப்பு ஜாஸ்தி என்றால் அக்காவுக்கு அடி. அக்காவுக்காக நான் அழுதால் எனக்கு. ஒருமுறை அவர் தள்ளியதில் அக்காவின் முன்பல் இரண்டு வாசற்படியில் உடைந்து விழுந்தது. என் முதுகு கிழிந்து சட்டையோடு ஒட்டிக்கொண்ட நாளில் வாத்தியார் பார்த்துவிட்டார்.

"இன்னாடா இது?"

"விழுந்துட்டேன் சார்."

"மல்லாக்க விழுந்தியா? மாடியில இருந்தா?"

வகுப்பே சிரித்தது. மறுநாள் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அப்புறமும் போகவில்லை. ஷூ கம்பெனியில் சேர்ந்தேன். அக்கா வீட்டிலேயே ஷூவுக்கு மேல்தோல் தைத்தார். நாங்கள் இரண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. இன்னொருத்தரை அந்த வீட்டுக்குள் கூட்டிவரப் பயம்.

அண்ணனுக்கு ஐம்பத்து நாலு வயதில் டேபிள் மேலேயே பக்கவாதம் வந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயிற்று. கூடவே கோபமும் போயிற்று. எங்களைப் பார்த்தால் சிரித்தார். தட்டை வைத்தால் இடது கையைத் தூக்கிக் கும்பிட்டார். யாரோ ஒரு நல்ல மனுஷனை வீட்டுக்குக் கூட்டிவந்த மாதிரி இருந்தது.

ஒரு மத்தியானம் அவர் வாயில் வைத்த கஞ்சி ஒழுகி, அக்கா தைத்து வைத்திருந்த தோல் மேல் கொட்டியது. அக்கா பளாரென்று அறைந்தார். அண்ணன் சிரித்தார்.

"சிரிக்கிறியா? எம்பல்லு ஒடஞ்சப்ப நான் சிரிச்சனா?" இரண்டாவது அறை. மூன்றாவது. உதடு கிழிந்து ரத்தம் கஞ்சியில் சொட்டியது. இப்போது எழுந்து வாரை எடுப்பார் என்று நான் சுவரோடு ஒட்டி நின்றேன். அவர் எழவில்லை.

மறுநாள் வாரை எடுத்தது நான். "எந்திரி! எந்திரிச்சு அடி!" என்று கத்திக்கொண்டே தொடையிலும் விலாவிலும் அடித்தேன். எட்டு மாசம் இது நடந்தது. துணி மூடுகிற இடமாகப் பார்த்து அடிக்கப் பழகிக்கொண்டோம். அவரிடம் வாங்கியபோதுகூட நான் அப்படி நடுங்கியதில்லை, அடித்தபோது நடுங்கினேன். ஆனாலும் நிறுத்தவில்லை.

பக்கத்து வீட்டில் பீடி சுற்றுகிற முஸ்லிம் அம்மா, நாங்கள் ஆபா என்று கூப்பிடுகிறவர், ஒருநாள் வந்து நின்றார்.

"இன்னா சத்தம்?"

"அண்ணன் விழுந்துட்டார், ஆபா."

"டெய்லி விழறாரா? உங்க வீட்டுத் தரைக்கு வேற வேலை இல்லியா?"

அதிலிருந்து தினமும் மத்தியானம் பீடி முறத்தோடு வந்து எங்கள் வாசற்படியில் உட்கார்ந்துகொள்வார். ஒன்றும் கேட்கமாட்டார். அவர் வராத நாளில் அடித்தோம்.

அப்படி ஆபா வராத ஒரு நாள், வெயில் தாங்காமல் சட்டையைக் கழற்றிவிட்டு அண்ணன் காலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முதுகில் கை பட்டது. உடம்பைக் குறுக்கிக்கொண்டேன். அவருடைய இடது உள்ளங்கை, தோல் மேல் ஓடுகிற மாதிரியே மெதுவாக ஓடியது. பழைய தழும்பு ஒன்றில் நின்றது. அக்கா தையலுக்குக் குறி போடுகிற சாக்பீஸ் பக்கத்தில் கிடந்தது. அதை எடுத்து அங்கே வட்டம் போட்டார். கை நகர்ந்தது. இன்னொரு வட்டம்.

பின்னால் நின்று பார்த்த அக்கா, "ஒண்ணுகூட விடலடா" என்றார்.

அக்காவையும் கையசைத்துப் பக்கத்தில் கூப்பிட்டு, உதட்டோரத்தில் ஒரு வட்டம் போட்டார். பிறகு சாக்பீஸை என் கையில் திணித்து, தன் வேட்டியைத் தொடை வரைக்கும் விலக்கிக் காட்டினார். நான் இரண்டு வட்டம் போட்டேன். மூன்றாவது போட முடியவில்லை.

அக்கா அந்த வாரைக் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டினார். அதற்குப் பிறகு இருந்த ஒன்றரை வருஷமும் அவர் மேல் நாங்கள் கை ஓங்கவில்லை. இரண்டாவது தடவை பக்கவாதம் வந்து போனார். "பழைய அடி ஏதாச்சும் காரணமா டாக்டர்?" என்று மூன்று தடவை கேட்டேன். இல்லை என்றுதான் மூன்று தடவையும் சொன்னார். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்ட நர்ஸ் அம்மாக்களுக்கும், சாமியானா, நாற்காலி எல்லாம் ஓடி ஓடிக் கொண்டுவந்த சபையாருக்கும், வாசற்படியில் உட்கார்ந்து அண்ணனைக் காத்த ஆபாவுக்கும் எங்கள் நன்றி. கடைசியாக, திருப்பத்தூரிலிருந்து வந்து அண்ணனைக் குளிப்பாட்டிய சித்தப்பாவுக்கு. தொடையில் கறுத்த கோடுகளைப் பார்த்து "இது இன்னாடா தழும்பு?" என்று கேட்டீர்கள். "விழுந்துட்டார் சித்தப்பா" என்றேன். நீங்கள் வேட்டியை இழுத்து மூடினீர்கள்.

அண்ணன் விழவில்லை சித்தப்பா. எங்கள் வீட்டில் யாருமே, ஒருநாளும், விழுந்ததில்லை.